ஜெயமலர் போன சம்பந்தி ஊர்கள்

அறுபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி தன்னந்தனியாக ஸ்கூட்டரில் மூன்று நாடுகளைப் பார்க்கப் புறப்படுகிறாள் என்றால், வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் ஊர் சொல்லும். ஆம்சல்பாக்கில் இருந்த சில தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டன. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, புஷ்பமலர் என்பவள் அந்தப் பெண்ணின் கணவர் யாகோப்பிடம் நேராகவே கேட்டுவிட்டாள்:

"அண்ணை, அக்காவோடை ஏதும் சண்டையோ?"

"சண்டை எண்டால் நான்தானே வெளிக்கிட வேணும், பிள்ளை? வீடு அவவின்ரை பேரிலைதான் இருக்கு."

சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஓர் உறவு அறுந்துபோக இருந்தது. அதை அறுந்துபோக விடக்கூடாது என்று யாகோப்பின் மனைவி ஜெயமலர் நினைத்தாள். அவ்வளவுதான்.

ஆம்சல்பாக் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே திராட்சைக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் சிற்றூர். ஐரோப்பாவில் ஊரும் ஊரும் உறவு கொண்டாடும் வழக்கம் உண்டு. ஓர் ஊர் வேறொரு நாட்டின் ஊரோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். பிறகு ஓர் ஆண்டு இவர்கள் அங்கே போவார்கள், மறு ஆண்டு அவர்கள் இங்கே வருவார்கள். ஆம்சல்பாக்குக்கு அப்படி மூன்று ஊர்கள் இருந்தன. பிரான்சில் சென் வரான், இத்தாலியில் மொந்தேரிவா, ஹங்கேரியில் கிஷ்பதாக். இந்த ஏற்பாட்டைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்ட அன்றே ஜெயமலர், "அப்ப சம்பந்தி ஊர் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். அன்றுமுதல் அவளுக்கு அவை சம்பந்தி ஊர்கள்தாம்.

இந்த உறவுகளைப் பேணுவதற்கென்று ஆம்சல்பாக்கில் ஒரு சங்கம் இருந்தது. அதில் ஜெயமலர் பதினைந்து ஆண்டுகளாக உறுப்பினர். வெளியூரார் வரும்போதெல்லாம் நகரமண்டபத்தின் பின்புறத்தில் நின்று கடலைப்பருப்பு வடை சுடுவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் பேருந்தில் ஏறி அந்த ஊர்களுக்குப் போய் வந்தார்கள். அவளுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தவளுக்குச் சனியும் ஞாயிறும் ஏது? முதல் பேருந்து ஓடுவதற்கு முன்னரே அடுப்பு மூட்ட வேண்டிய வேலை அது. அதற்காகத்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றாள். அதற்கென்று தனிப் பரீட்சை எழுதி அனுமதியும் பெற்றாள். பனியிலும் மழையிலும் அவளைச் சுமந்த அந்த நீல வண்டிக்கு, அவள் ஓய்வு பெற்றபோதும் தெம்பு மிச்சமிருந்தது.

ஓய்வு பெற்ற அந்த வசந்தத்தில்தான் சங்கக் கூட்டத்தில் செய்தி வந்தது. தலைவி ஹாலர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். கிஷ்பதாக் ஊரார் சில ஆண்டுகளாக எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. மின்னஞ்சலுக்கும் மறுமொழி இல்லை. செப்டம்பர் இறுதியில் கூடும் நகரசபை, அந்த ஊருடன் கொண்ட ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இருக்கிறது.

எல்லோரும் தலையசைத்தார்கள். ஜெயமலர் மட்டும் கை உயர்த்தினாள்.

"யாராவது நேரில் போய்க் கேட்டீர்களா?"

"மூன்று முறை எழுதினோமே, ஜெயமலர்."

"எழுதினீர்கள். கதவைத் தட்டினீர்களா?"

அவள் வளர்ந்த மன்னாரில் ஒரு முறை உண்டு. கலியாணத்துக்கு அழைத்தும் உறவினர் வராவிட்டால், அடுத்த வாரமே ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். "என்ன குறை வைத்தோம்?" என்று முற்றத்தில் நின்று கேட்பார். அப்படிக் கேட்காமல் உறவை முறிப்பவரை ஊர் மதிக்காது. இதையெல்லாம் ஜெர்மன் மொழியில் விளக்குவதற்கு அன்று அவளால் முடியவில்லை. எனவே, "நான் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் யாகோப்பு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"விசரே உமக்கு? கிஷ்பதாக்குக்குப் போறதெண்டால் றெயின் இருக்கு. நேரை போய்ட்டு வாருமன். பிரான்சும் இத்தாலியும் என்னத்துக்கு?"

"மூண்டும் சம்பந்தி ஊர். ஒரு சம்பந்தி வீட்டுக்குப் போகேக்கை மற்ற ரண்டையும் தாண்டிப் போனால், அதுகள் கோவிக்காதுகளோ?"

"சரி, அப்ப காரிலை போவம். நான் ஓடுறன்."

"நீங்கள் வந்தால் மத்தியானத்துக்குச் சோறு கேப்பியள். சோறு கேட்டால் பானை வேணும். பானை வந்தால் அடுப்பு வேணும். எனக்கு என்ரை ஸ்கூட்டர் காணும்."

நாற்பது ஆண்டு இல்லறத்தில், எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது யாகோப்புக்குப் பழகியிருந்தது. ஆகஸ்டு பிற்பாதியில் ஒரு காலை, பின்பெட்டியில் மூன்று தகரங்கள் நிறையப் பயற்றம் பணியாரத்தோடு ஜெயமலர் புறப்பட்டாள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாகாது என்பதால், ஊருக்கொரு தகரம்.

இந்த இடத்தில் யாகோப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மனைவியின் சொல்லைத் தட்டாதவர். ஆனால், கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. பிரான்சின் எல்லையைத் தாண்டி முல்ஹவுஸ் நகரின் வட்டச் சந்தியில் ஜெயமலர் வழி பார்த்துக்கொண்டு நின்றபோது, எதிர்ப்புறத்தில் ஒரு பெண் சால்வையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். யாகோப்பின் தங்கை பிறேமா.

"மச்சாள்! எங்களைக் கடந்து போகப் பாத்தனீங்கள், என்ன? ஹோட்டலிலை றூம் போட்டியளாம். அண்ணை சொன்னவர். நாங்கள் இருக்க நீங்கள் ஹோட்டலிலை படுத்தால் சனம் எங்களைப் பற்றி என்ன கதைக்கும்?"

"ஒரு இரவுதானே, பிறேமா..."

"ஒரு இரவோ? ஆட்டிறைச்சி ஊறவைச்சிருக்கிறன். நாளைக்குக் கூழ். நாளையிண்டைக்கு அவரின்ரை சித்தப்பா வாறார், உங்களைப் பாக்க."

ஒரு நாள் நான்கு நாளாயிற்று. புறப்படும்போது பின்பெட்டியின் மேல் இன்னொரு மூட்டை ஏறியது: அரைத்த மிளகாய்த்தூள், பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா, ஒரு பட்டுச் சேலை. எல்லாம் இத்தாலியில் இருக்கும் உறவினன் ராசன் வீட்டுக்கு. பயணம் போகிறவர் கையில் பார்சல் கொடுக்காமல் விடுவது நம்மவருக்குப் பெருங்குறையல்லவா? ஸ்கூட்டர் குனிந்துகொண்டு போயிற்று.

சென் வரானில் ஜெயமலரை நன்றாகவே வரவேற்றார்கள். மூவண்ணப் பட்டி அணிந்த மேயர், பணியாரத்தை ஒரு கடி கடித்துவிட்டு, இது இனிப்பா காரமா என்று தெரியாமல் கண்களை விரித்தார். பிறகு இரண்டாவதையும் எடுத்தார். நகரமண்டப வாசலில் ஸ்கூட்டரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் ஆல்ப்ஸ் மலையின் கணவாயில் மேகத்துக்குள்ளே ஏறி இறங்கினாள். நெடுஞ்சாலையில் சிறு ஸ்கூட்டர்களை விடமாட்டார்கள் என்பதால் மாடுகள் குறுக்கே வரும் பழைய பாதைகளில் போனாள். ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்து, ஒருவரும் பேசாத அந்தப் பெரிய அமைதியைக் கேட்டாள். தன் வாழ்நாளில், சோறு வடிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு நண்பகல் கழிந்தது இதுதான் முதல் முறை என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த அமைதி ராசன் வாழ்ந்த பியெல்லா நகர் வரைதான். ஊர் எல்லையிலேயே ராசன் காரைக் குறுக்கே நிறுத்திக் காத்திருந்தான்.

"அக்கா, வாற கிழமை மூத்தவளின்ரை முதல் நற்கருணை விழா. நீங்கள் நிண்டிட்டுத்தான் போகலாம்."

"தம்பி, எனக்கு ஹங்கேரியிலை அலுவல் இருக்கு. நகரசபை கூடுறதுக்கு முந்திப் போய்த் திரும்ப வேணும்."

"ஹங்கேரி எங்கையும் ஓடிப்போகாது, அக்கா."

அன்றிரவு அவள் ராசன் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாகோப்பை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் எங்கை நிக்கிறன் எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"நான் சொல்லேல்லை."

"அப்ப ராசன் சாத்திரம் பாத்தே றோட்டிலை வந்து நிண்டவன்?"

"அவன்தான் கேட்டவன்... நான் பொய் சொல்லவே?"

"கிஷ்பதாக்குக்காரர் கைவிட்டுப் போகப்போகினம், இஞ்சை நான் கேக் வெட்டுறதுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன். விளங்குதோ?"

"விளங்குது. ஆனால் ஹங்கேரியிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, ஜெயா. அதுதான் பயமாக் கிடக்கு."

"அதுதான் எனக்கு நிம்மதி" என்றாள். சொன்ன பிறகு, குரலைத் தணித்து, "சாப்பிட்டீங்களே?" என்று கேட்டாள்.

விழாவுக்கு நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. பிறகு மொந்தேரிவாவிலே ஒரே ஒரு பிற்பகல். தகரத்தைக் கொடுத்தாள், கைகுலுக்கினாள், கிளம்பினாள். ஸ்லோவேனியாவின் காடுகளைக் கடந்து, சூரியகாந்தி வாடி நின்ற ஹங்கேரிச் சமவெளியில் அவள் இறங்கியபோது, நகரசபை கூடுவதற்குப் பத்து நாள்கூட இருக்கவில்லை.

கிஷ்பதாக்கை அடைந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் நாயைத் தவிர யாருமில்லை. பாதி வீடுகளின் சன்னல்கள் அடைபட்டிருந்தன. ஊராட்சி அலுவலகத்தின் படிக்கட்டை ஒரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கையில் இறப்பர் உறை. ஜெயமலர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தான் ஆம்சல்பாக்கிலிருந்து வருவதாகவும் மேயரைப் பார்க்க வேண்டும் என்றும் ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று சிவந்தது. "மேயர் இல்லை. வெளியூர் போயிருக்கிறார்" என்று ஜெர்மன் மொழியிலேயே சொன்னாள். "எப்போது வருவார் என்று தெரியாது."

ஜெயமலரின் பார்வை, திறந்திருந்த கதவின் வழியே உள்ளே போயிற்று. சுவரில் ஒரு படம்: தோளில் பட்டி அணிந்து, புன்னகை பூத்து நின்றவள் இதே பெண்தான்.

யாராயிருந்தாலும் கோபம் வந்திருக்கும். அத்தனை தூரம் ஓட்டி வந்தவளுக்கு ஒரு நொடி வரத்தான் செய்தது. ஆனால், அந்தச் சிவந்த முகம் அவளுக்குப் புதியதல்ல. நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியின் ஒற்றை அறையில் அவளும் யாகோப்பும் வாழ்ந்தபோது, கீழே உறவினரின் கார் வந்து நின்றால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சையடக்கி உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் மீது வெறுப்பில்லை. வீட்டில் அவர்களுக்கு ஆக்கிப்போடக் கோழி இல்லை. முன்பு அவர்கள் வீட்டில் நாங்கள் வயிறாரத் தின்றிருக்கிறோமே, இப்போது வெறுந்தேநீரை எப்படி நீட்டுவது?

எனவே, படத்தைப் பார்த்ததாக ஜெயமலர் காட்டிக்கொள்ளவில்லை.

"மேயர் வரும்வரை காத்திருக்கிறேன். மிகவும் நனைந்துவிட்டேன். உங்கள் வீட்டில் கொஞ்சம் உட்காரலாமா?"

நனைந்து நிற்கும் முதியவளை மழையிலே விடுவதற்கு அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. அவள் பெயர் இலோனா. வீடு அலுவலகத்தின் பின்னால் இருந்தது. சமையலறையில் அடுப்பு கதகதவென்று எரிந்துகொண்டிருந்தது. துவாயைக் கொடுத்த கையோடு இலோனா மழைச்சட்டையை மாட்டினாள்.

"கடைக்குப் போய் இறைச்சி வாங்கி வருகிறேன். பக்கத்து ஊர்தான்."

ஜெயமலர் எழுந்து போய் அடுப்பின் மேலிருந்த பானையின் மூடியைத் திறந்தாள். உள்ளே மிளகாய்ச் சிவப்பாய் அவரை விதைக் குழம்பு.

"இது இருக்கிறதே?"

"அது நேற்றையது. விருந்தாளிக்கு அல்ல."

"நான் விருந்தாளியும் அல்லேன். எங்கள் மொழியில் அதற்கு வேறு சொல் உண்டு. உங்கள் மகளை என் வீட்டில் கட்டிக் கொடுத்தது போல." அவள் கிண்ணத்தைத் தானே எடுத்து, தானே ஊற்றிக்கொண்டாள். "முப்பது ஆண்டு சமையலறையில் நின்றவள் சொல்கிறேன்; குழம்பு மறுநாள்தான் குழம்பாகும்."

இலோனா மழைச்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தானும் ஆஸ்திரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துத்தான் ஜெர்மன் மொழியைக் கற்றதாகச் சொன்னாள். பிறகு சிறிது நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேயர்."

"தெரியும். படத்தில் உங்கள் தலைமுடி இன்னும் நன்றாக இருக்கிறது."

இலோனா முதலில் கையால் வாயைப் பொத்தினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கண் கலங்கியிருந்தது. கடைசியாகத் தன் ஊரார் ஆம்சல்பாக்குக்கு வந்தபோது கிடைத்த விருந்தை அவள் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்: வாத்தியக் குழு, சுட்ட பன்றி, ஹோட்டல் அறைகள், வெளியே யாரோ சுட்டுக்கொடுத்த காரமான பருப்பு வடை. "அது நான்தான்" என்றாள் ஜெயமலர். அதன்பின் ஊரின் தொழிற்சாலை மூடப்பட்டது. இளையவர்கள் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார்கள். மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது. அடுத்து அழைக்க வேண்டியது தங்கள் முறை. "அழைக்க வழியில்லை. வழியில்லை என்று எழுத வெட்கம். எழுதாமலே இருந்துவிட்டோம்."

ஜெயமலர் கரண்டியை வைத்துவிட்டு, அணைத்த விளக்கின் கதையைச் சொன்னாள்.

அங்கே இரண்டு நாள் தங்கினாள். பிளம் பழக் காலம். முற்றத்தில் பெரிய கொப்பரையை ஏற்றி, அண்டை வீட்டார் முறை வைத்துப் பழக்கூழைக் கிண்டினார்கள். ஜெயமலரும் முறை வைத்துக் கிண்டினாள். பணியாரம் எல்லாக் கைகளிலும் ஏறியிறங்கித் தகரம் காலியாயிற்று. வாத்தியம் இல்லை, சொற்பொழிவு இல்லை. புறப்படும்போது இலோனா ஸ்கூட்டரின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வருகிறோம் என்று எழுத இன்னும் எனக்குத் துணிவில்லை."

"எழுத வேண்டாம். வந்து கதவைத் தட்டுங்கள்."

நகரசபைக் கூட்டத்துக்கு அவள் நேரத்தோடு வந்து சேர்ந்தாள்; சேற்றுக் காலணியை மாற்றத்தான் நேரமிருக்கவில்லை. பார்த்ததைச் சொன்னாள். இலோனாவின் வெட்கத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கும் இலோனாவுக்கும் இடையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஓர் உறுப்பினர், கிஷ்பதாக் ஊரார் எழுத்தில் ஏதேனும் தந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். நிகழ்ச்சித் திட்டம் உண்டா? இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாலர் அம்மையார் எழுந்து வாதாடியதால் முடிவு ஓராண்டு தள்ளிப்போயிற்று: அடுத்த செப்டம்பருக்குள் கிஷ்பதாக்கிலிருந்து ஒருவராவது வர வேண்டும், வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

குளிர்காலம் போயிற்று. உயிர்த்த ஞாயிறும் போயிற்று. ஜூலை வந்தும் கிஷ்பதாக்கிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. யாகோப்பு அவ்வப்போது சன்னலைப் பார்த்து, "உம்மடை சம்பந்தியளைக் காணேல்லையே, ஜெயா?" என்பார். முதலில் கேலியாகக் கேட்டவர், போகப் போக மெதுவாகக் கேட்டார். பின்பு கேட்பதையே விட்டுவிட்டார். தான் செய்தது பிழையோ, எழுதி வாங்கியே வந்திருக்க வேண்டுமோ என்று ஜெயமலர் பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைக் காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் இலோனா. அவளுக்குப் பின்னால் மூவர். கொப்பரை கிண்டிய அண்டை வீட்டார். தெருவோரத்தில் ஒரு பழைய கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

வீட்டில் இருந்தவை முதல்நாள் இரவுப் புட்டு, சட்டியின் அடியில் கொஞ்சம் மீன்குழம்பு, ஒரு கிண்ணம் சம்பல். ஜெயமலரின் மனம் மின்னல் வேகத்தில் கணக்குப் போட்டது: கோழி, ஆடு, இறால், பாயசம். யாகோப்போ அதற்குள் காரின் சாவியை எடுத்துவிட்டார்.

"நான் ஓடிப்போய்க் கோழி வாங்கிக்கொண்டு வாறன். நீர் அதுக்குள்ளை உலையை வையும். முதல்முதல் வந்த சனம்!"

"ஓம், கெதியா..." என்று வாய்வரை வந்துவிட்டது. இலோனா கூடத்தில் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"திறப்பை வையுங்கோ" என்றாள் ஜெயமலர்.

"என்னது?"

"வையுங்கோ எண்டு சொல்லுறன். புட்டை அவிச்சுச் சூடாக்குவம். ரண்டு முட்டை பொரிப்பம்."

"பழசையோ குடுக்கப் போறீர்? ஐயோ, வெட்கக்கேடு! பிறேமாவுக்குத் தெரிஞ்சால்..."

"பிறேமாவுக்கு நீங்கள் சொல்லாட்டித் தெரியாது."

நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாகோப்பு ஒவ்வொரு தட்டாக நீட்டும்போதும் தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியிலெல்லாம் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் சம்பலை முழுக்கரண்டியாய் வாயிலிட்டுவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினார். மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். புட்டு போதவில்லை. ஜெயமலர் மா குழைக்கத் தொடங்கினாள். இலோனா கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கழுவுதொட்டியின் முன்னே போய் நின்றாள்.

அப்போதுதான் ஜெயமலர் மாக்கையோடு தொலைபேசியைக் கன்னத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலர் அம்மையாரை அழைத்தாள்.

"அவர்கள் வந்துவிட்டார்கள்... ஆம், என் வீட்டில்... நால்வர்... இல்லை, வாத்தியக் குழுவையெல்லாம் கூப்பிட வேண்டாம். மலர்க்கொத்தும் வேண்டாம்." அவள் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாகோப்பு, இலோனா எழுந்துபோன நாற்காலியில் உட்கார மனமில்லாமல், தட்டை ஏந்தியபடி சுவரோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏதாவது கொண்டுவந்துதான் தீர வேண்டும் என்றால், வரும்போது ஒரு நாற்காலி கொண்டுவாருங்கள்."